அனுப்புங்கள், பெயரோடு அனுப்புங்கள்

(நம் சங்கத்தின் ஜனவரி மாதக் கூட்டத்தில் பேசியது. நான் சொன்ன பெயர்களையும் ஆண்டுகளையும் எழுத்தில் வேண்டும் என்று சிலர் கேட்டதால், செய்திமடலுக்காகச் சற்று விரித்துத் தந்திருக்கிறேன்.)



தண்ணீர் லாரி, குப்பை வண்டி, பராமரிப்புக் கட்டணப் பாக்கி ஆகிய மூன்றும் பேசி முடித்த பிறகு எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் காபிக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் புதுமையான வீடியோக்கள், இசை, புகைப்படக் கலை பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். நம் குழுவில் நான் அவ்வப்போது இப்படிப்பட்டவற்றை அனுப்புவதால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் ஒரு இயந்திரம். போன வருடம் நம் குழுவில் இது இரண்டு தடவை வந்தது. முழுக்க மரப்பலகையில் செய்த பெரிய சக்கரங்கள். ஓர் இளைஞர் பக்கத்தில் நின்று கையால் ஒரு பிடியைச் சுழற்றுகிறார். சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் மேலே ஏறி, குழாய் வழியாக வந்து, ஒவ்வொன்றாக விழுகின்றன. ஒன்று வைப்ரஃபோனின் உலோகப் பட்டையில் விழுகிறது, ஒன்று பேஸ் கிதாரின் தந்தியில், ஒன்று தாளத் தட்டில். அவ்வளவும் சேர்ந்து ஒரு முழுப் பாட்டாக ஒலிக்கிறது. எந்தக் குண்டு எப்போது விழ வேண்டும் என்பதை ஒரு சக்கரத்தில் செருகிய முனைகள் தீர்மானிக்கின்றன. கோயில் கடிகாரத்துக்கும் பழைய இசைப்பெட்டிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும்.

நம் குழுவில் வந்தபோது ஒரு தடவை 'ஜெர்மனி இன்ஜினியரின் சாதனை' என்றும், இன்னொரு தடவை 'ஜப்பானியர் மூளையே மூளை' என்றும் தலைப்பு இருந்தது. இரண்டும் இல்லை. அவர் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் மோலின். விண்டர்காட்டன் என்ற இசைக்குழுவை நடத்துபவர். ஸ்வீடிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பால்வீதி என்று பொருள். அந்த இயந்திரத்தின் பெயர் மார்பிள் மெஷின். 2000 குண்டுகள், சுமார் 3000 பாகங்கள், ஒரு வருடத்துக்கும் மேலான உழைப்பு. 2016 மார்ச்சில் வீடியோவை வெளியிட்டார். பிறகு அந்த இயந்திரம் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில், தானே இசைக்கும் கருவிகளுக்கென்றே உள்ள ஸ்பீல்க்ளாக் அருங்காட்சியகத்துக்குப் போய்க் காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஒரு மனிதன் ஒரு வருடத்துக்கும் மேல் பலகை அறுத்து, துளை போட்டு, ஒட்டிச் செய்ததை நாம் நாலரை நிமிடத்தில் பார்த்து முடிக்கிறோம். பார்த்த பிறகு 'ஜப்பான்காரன்' என்று அனுப்பி வைக்கிறோம். நான் இன்று சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. அதில் குழாய்களிலிருந்து பந்துகள் பீறிட்டு வந்து மத்தளத்திலும் மணியிலும் தந்தியிலும் விழுந்து வாசிக்கும். அரையிருட்டான கூடம், பளபளக்கும் பித்தளை. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மின்னஞ்சல் காலத்திலிருந்தே சுற்றுகிறது. கூடவே ஒரு குறிப்பும் வரும்: இதை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் விவசாய இயந்திரங்களின் பாகங்களைக் கொண்டு செய்தார்கள், 97 சதவீதப் பாகங்கள் டிராக்டர் மற்றும் நீர்ப்பாசனக் கருவிகளிலிருந்து எடுத்தவை, சரிப்படுத்துவதற்கே 13,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று.

எண்ணோடு எண்ணாக வாழ்ந்தவன் நான். ஒரு வாழ்த்துச் செய்தியில் 97 சதவீதம் என்று இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். உண்மை என்னவென்றால், அப்படி ஓர் இயந்திரம் அப்போது உலகத்தில் எங்கும் இல்லை. அது முழுக்கக் கணினியில் வரைந்த படம். பெயர் பைப் ட்ரீம். ஆண்டு 2001. செய்தவர் வெய்ன் லைட்டில் என்ற அமெரிக்கர். அனிமியூசிக் என்பது அவருடைய நிறுவனம். முதலில் இசையை எழுதி, அந்த இசைக் குறிப்புகளே பந்துகளையும் கோல்களையும் அசைக்கும்படி மென்பொருள் எழுதினார். அதாவது படத்துக்கு இசை சேர்க்கவில்லை, இசைதான் படத்தை ஓட்டுகிறது. யோசித்துப் பார்த்தால் டிராக்டர் கதையைவிட இந்த உண்மைக் கதை எவ்வளவோ மேல்!

பொய்க் குறிப்பு எழுதியவர் யாரோ ஒருவர், விளையாட்டுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் அது என்ன செய்தது பாருங்கள். உண்மையாகச் செய்தவருடைய பெயரைத் தூக்கிவிட்டு, செய்யாதவர்களுக்குப் புகழைக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், 2011-இல் இன்டெல் நிறுவனம் அந்தப் படத்தைப் பார்த்து, பந்துகளைச் சுட்டுக் கருவிகளை வாசிக்கும் நிஜ இயந்திரத்தையே செய்து காட்டியது. அவர்கள் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள்.

இதற்காக 'ஃபார்வர்டு செய்வதே தப்பு' என்று நான் சொல்ல வரவில்லை. பகிர்வதால்தான் பல கலைஞர்கள் பிழைத்தார்கள். அமெரிக்காவில் ஓகே கோ என்று நான்கு பேர் கொண்ட இசைக்குழு. 2006-இல் நடைப்பயிற்சி டிரெட்மில் எட்டை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் ஏறியும் இறங்கியும் வழுக்கியும் ஒரு பாட்டுக்கு ஆடினார்கள். நடனம் அமைத்தவர் பாடகர் டேமியன் குலாஷின் சகோதரி ட்ரிஷ் ஸீ. ஒரே ஷாட், ஒரு கேமரா. நம் பூங்காவில் நடக்கும் முட்டி வலிக்காரர்கள் பார்த்தால் பயந்துவிடுவார்கள். அந்த வீடியோ ஒருவர் ஒருவராக அனுப்பியே உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மற்றவர்கள் தங்கள் இணையப் பக்கத்திலேயே அந்த வீடியோவை ஓடவிடும் வசதியை, அவர்களுடைய இசை நிறுவனமான இ.எம்.ஐ. நிறுத்தியது. காரணம் காசு. யூடியூப் தளத்திலேயே பார்த்தால்தான் நிறுவனத்துக்குப் பணம் வரும். அடுத்தவர் பக்கத்தில் பார்த்தால் வராது. கணக்குப்படி சரி. ஆனால் பார்ப்பவர் எண்ணிக்கை 90 சதவீதம் விழுந்துவிட்டது என்று குலாஷ் 2010 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அடுத்த மாதமே குழு அந்த நிறுவனத்தை விட்டு விலகித் தனியாகக் கம்பெனி தொடங்கியது. அதே மாதம் வெளிவந்த வீடியோவில் ஒரு கிடங்கு முழுக்க ஒன்றை ஒன்று தட்டிவிடும் சாமான்கள்: டோமினோ கட்டைகள், குடைகள், ஒரு பியானோ, நொறுங்கும் ஒரு டி.வி. பெட்டி. இரண்டு நாளில் 60 தடவைக்கும் மேல் முயன்று எடுத்தது. இதற்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

ரஷ்யாவில் விமானத்துக்குள் எடை இல்லாமல் மிதந்துகொண்டே அவர்கள் ஆடிய 2016 வீடியோவும் உண்டு. விமானம் ஒரு வளைவாகப் பறக்கும்போது ஒரு தடவைக்குச் சுமார் 27 விநாடிதான் அந்த நிலை கிடைக்கும். அந்த 27 விநாடிகளைக் கோத்துத்தான் முழுப் பாட்டு. அதே வருடம் இன்னொன்று: 4.2 விநாடியில் நடந்து முடிந்த வெடிப்புகளையும் சிதறல்களையும் நீட்டி நாலு நிமிடமாகக் காட்டுவது. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கேள்வி கேட்டே உங்களைக் களைக்க வைத்துவிடுவார்கள்.

ஆக, பூட்டி வைப்பதும் சரியில்லை, பெயரை உரித்துவிட்டு அனுப்புவதும் சரியில்லை. வங்கியில் பேரர் செக் என்று ஒன்று உண்டு. கையில் வைத்திருப்பவர் யாரோ, அவருக்கே பணம். கீழே விழுந்தால் எடுத்தவன் வாங்கிக்கொண்டு போகலாம். பெயரில்லாத வீடியோவும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

போட்டுக்கொள்கிறார்கள் என்பதற்கு ஸ்வீடனுக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டாம். நம் குடியிருப்பிலேயே நடந்தது. பெயர் சொல்லமாட்டேன், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். போன வருடம் மார்கழி முழுக்க விடியற்காலையில் மொட்டை மாடியிலிருந்து நம் தெருக் கோலங்களைப் படம் எடுத்தார். அதில் ஒன்று எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரிய புள்ளிக் கோலம், நடுவில் பூசணிப் பூ. ஈரத் தரையில் பால்காரர் சைக்கிளின் டயர் தடம் கோலத்தின் ஓரம் வரை வந்து, மிதிக்காமல் வளைந்து விலகிப் போயிருக்கிறது. பால்காரர் படத்தில் இல்லை, தடம் மட்டும்தான். என்ன ஒரு பார்வை! நம் குழுவில் போட்டார். எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டோம்.

பொங்கலன்று அதே படம் வேறு ஊரிலிருந்த அவர் பெரியம்மாவிடமிருந்து அவர் அம்மாவுக்கு வாழ்த்தாக வந்தது. கீழே ஏதோ ஒரு கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும். டயர் தடத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கரும்பும் பானையும் ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பெண் யாரிடமும் சண்டை போடவில்லை. இந்த மார்கழியில் படம் போடவில்லை, அவ்வளவுதான். முப்பது நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றுகூட வரவில்லை. மாடியில் கேமராவோடு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. எடுக்கிறார், நமக்குக் காட்டுவதில்லை. நஷ்டம் அந்தக் கடைக்காரருக்கு இல்லை, நமக்கு.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957. அதன் 57-ஆவது பிரிவு (ஆண்டும் பிரிவும் ஒரே எண், மறக்காது) ஒரு படைப்பின் உரிமையை ஆசிரியர் விற்றுவிட்டாலும்கூட, 'இது என்னுடையது' என்று சொல்லும் உரிமை அவருக்கே உண்டு என்கிறது. படைப்பை அவர் மதிப்புக்குக் குறைவு வரும்படி சிதைத்தாலும் அவர் தடுக்கலாம். ஆனால் ஒரு கோலப் படத்துக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? நம் கையில் இருக்கிற வழி வேறு.

பெயர் சொல்வது எப்படி என்பதற்கு இரண்டு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. இஸ்ரேலைச் சேர்ந்த குட்டிமான் என்ற இசைக்கலைஞர் 2009-இல் த்ரூ யூ என்று ஒரு தொகுப்பு செய்தார். தானாக ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. யூடியூபில் முன்பின் தெரியாதவர்கள் தனித்தனியாகப் போட்டிருந்த துண்டுகளை எடுத்தார். ஒருவர் மேளம் சொல்லிக் கொடுக்கிறார், ஒருவர் வீட்டில் தனியாகப் பாடுகிறார், ஒருவர் கருவியைச் சோதித்துப் பார்க்கிறார். அவற்றை வெட்டிக் கோத்துப் புதுப் பாட்டுகள் ஆக்கினார். கேட்டால் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிப்பது போலவே இருக்கும். அடுத்தவர் சரக்கை எடுத்தவர்தான். ஆனால் எந்தத் துண்டு எந்த வீடியோவிலிருந்து வந்தது என்ற பட்டியலையும் கூடவே வைத்தார்.

இன்னொருவர் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேகர். 2010-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் அவரவர் வீட்டிலிருந்து தனியாகப் பாடி அனுப்பியதைச் சேர்த்து ஒரே சேர்ந்திசை ஆக்கினார். ஒவ்வொருவரும் அவர் கை அசைப்பதை வீடியோவில் பார்த்துக்கொண்டே பாடியவர்கள். கொரோனா காலத்தில் நாம் நிறையப் பார்த்த கட்டம் கட்டமான பாட்டு வீடியோக்களுக்கு இது பத்து வருடம் மூத்தது. மறு ஆண்டு இரண்டாவது முயற்சியில் 58 நாடுகளிலிருந்து 2000 பேருக்கு மேல். பாட்டு முடிந்த பிறகு பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் அத்தனையும் படிக்கப் போவதில்லை. ஆனால் எங்கோ ஓர் ஊரில் ஒரு பாட்டி தன் பேத்தியின் பெயருக்காகக் காத்திருந்து பார்த்திருப்பார் அல்லவா?

புகைப்படக் கலையில் ஒரே ஒருவரைச் சொல்கிறேன். ஜப்பானைச் சேர்ந்த தத்சுயா தனாகா. (ஆம், இந்தத் தடவை நிஜமாகவே ஜப்பான்.) இரண்டு சென்டிமீட்டர் உயரப் பொம்மை மனிதர்களை வைத்து, அன்றாடச் சாமான்களை வேறொன்றாக மாற்றிக் காட்டுவார். புரோக்கோலிக் கிளை அவர் கையில் ஆலமரம் மாதிரி ஆகிவிடும். 2011 ஏப்ரல் 20-இல் தொடங்கி, நாளுக்கு ஒரு படம் என்று வெளியிடுகிறார். மினியேச்சர் காலண்டர் என்று தேடினால் கிடைக்கும். நம் குழுவில் காலை வணக்கத்தோடு வந்த 'ரொட்டி மலை', 'காய்கறிக் காடு' படங்கள் சில அவருடையவைதான். ஓரத்தில் இருந்த பெயரை யாரோ வெட்டிவிட்டார்கள்.

பெயரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போடுங்கள். முதலில் எங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். வீடியோவாக இருந்தால் நல்ல ஒரு காட்சியை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதையே லென்ஸில் போடுங்கள். யூடியூபில் ஒரே வீடியோ பத்துப் பேரிடம் இருந்தால், தேதியைப் பாருங்கள். பழையதும், கீழே விவரமாக எழுதியிருப்பதும்தான் பெரும்பாலும் அசல். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று இருந்தால், அதில் இருக்கும் தலைப்பை நம்பவே நம்பாதீர்கள். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020-இல் அவர்களே கட்டுப்பாடு வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் கிடைத்ததும் லிங்க்கை அனுப்புங்கள். யூடியூபில் ஆயிரம் சந்தாதாரரும் ஒரு வருடத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் சேர்ந்த ஒருவருக்கு, அவர் வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் போகிறது. லிங்க்கில் பார்த்தால் அந்தப் பார்வை அவர் கணக்கில் ஏறும். வாட்ஸ்அப் கோப்பாகப் பார்த்தால் ஏறாது. தரமும் குறைந்துவிடும். அந்தப் பித்தளைக் குழாய்களின் பளபளப்பெல்லாம் சேறு மாதிரி ஆகிவிடுகிறது.

ஏ பிளாக் மாமா ஒருவர் கூட்டத்திலேயே எழுந்து, "ஏன் சார், காலையில ஒரு குட்மார்னிங் அனுப்பவே இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பூ படம் போட்ட குட்மார்னிங்குக்கு யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். 'அடடா!' என்று உங்களை ஒரு நிமிடம் நிறுத்தி வைத்ததற்கு மட்டும் செய்யுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால் 'எடுத்தவர் பெயர் தெரியவில்லை' என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். குழுவில் 200 பேர் இருக்கிறோம், யாருக்காவது தெரிந்திருக்கும். லிங்க் திறந்தால் விளம்பரம் வருகிறது, போன் திணறுகிறது என்று அவருடைய வீட்டு மாமி சொன்னார். அதுவும் உண்மை. அவருக்காகக் கோப்பையும் அனுப்பி, கீழே லிங்க்கையும் பெயரையும் போட்டுவிடலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

செயற்குழு இரண்டு விஷயங்களுக்குச் சம்மதித்திருக்கிறது. நம் குடியிருப்பில் இருப்பவர்கள் எடுத்த படமோ பாடிய பாட்டோ குழுவில் வந்தால், அவர்களைக் கேட்காமல் வெளியே அனுப்பக் கூடாது. கேட்டு அனுப்பினால் பெயரோடு அனுப்ப வேண்டும். இது குழு விதிகளில் ஏழாவதாகச் சேர்ந்துவிட்டது. கோலப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, எடுத்தவர் பெயரோடு அறிவிப்புப் பலகையில் வைக்கலாமா என்று அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வற்புறுத்தவில்லை.

இரண்டாவது, மார்ச் இரண்டாவது சனிக்கிழமை மாலை 6 மணிக்கு சமுதாயக் கூடத்தில் திரையிடல். மார்பிள் மெஷின், பைப் ட்ரீம், ஓகே கோவின் மூன்று வீடியோக்கள், விட்டேகரின் சேர்ந்திசை, கடைசியில் தனாகாவின் படங்கள். மொத்தம் ஒரு மணி நேரம். சேர்ந்திசையின்போது மின்விசிறியை நிறுத்தப் போகிறோம், ஆகவே கைவிசிறி கொண்டு வாருங்கள். நீங்கள் கண்டுபிடித்த ஏதாவது இருந்தால், செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, லிங்க் நான்கையும் ஒரு தாளில் எழுதி மார்ச் முதல் தேதிக்குள் அலுவலகப் பெட்டியில் போடுங்கள். மூன்றைச் சேர்த்துக்கொள்ள நேரம் இருக்கிறது.